நடனசாலைக்கு வந்த நூலகம்

ஆலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் கொல்கத்தாவில் இருக்க முடியாது. அதன் அருகிலேயே மரங்கள் சூழ்ந்த ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. அதன் வாசலை நம்மில் பலர் எத்தனையோ முறை கடந்து போயிருப்போம். உள்ளே சென்றவர்கள் சிலரே. அதுதான் நம் நாட்டின் மிகப் பெரிய நூலகமான தேசிய நூலகம்.

நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியையும் பதிப்பாளர் தம் செலவில் இங்கே அனுப்ப வேண்டும். சென்னையில் கன்னிமாரா நூலகத்திற்கு ஒரு பிரதி போவது போல, ஆலிப்பூருக்கும் ஒன்று வரவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த நூல்களும் ஓலைச்சுவடிகளும் இந்த நூலகத்தில்தான் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி நாம் வந்தோம். நமக்குத் துணையாகத் தமிழும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த நூல்கள் தங்கிய வீட்டின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். ஒரு வேலைக்காகக் கட்டிய கட்டடத்தை வேறொரு வேலைக்குத் திருப்பும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்நகரில் இல்லை.

வீடு மாறிய நூலகம்

1903 ஜனவரியில் கர்சன் பிரபு இம்பீரியல் நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். அன்று அது கங்கைக்கரை ஓரமாக, பெரிய பெரிய தூண்களுடன் நிற்கும் மெட்காஃப் ஹாலில் இருந்தது. 1923இல் எஸ்பிளனேடுக்கு மாறியது. போர்க்காலத்தில் வேறோர் இடத்துக்குப் போய்த் திரும்பியது. சுதந்திரம் கிடைத்த பின் 1948இல் ‘தேசிய நூலகம்’ என்று பெயர் மாறி, ஆலிப்பூரின் பெல்வெடியர் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1953 பிப்ரவரி 1ஆம் தேதி மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதைத் திறந்து வைத்தார். அப்போது நூலகராக இருந்தவர் பி.எஸ். கேசவன்.

பெல்வெடியர் யாருடைய வீடு? 1854 முதல் வங்காளத்தின் துணைநிலை ஆளுநர்கள் வாழ்ந்த மாளிகை அது. தலைநகர் டில்லிக்குப் போன பிறகு அதற்கு நிலையான வேலை இல்லாமல் போயிற்று. காலியாகக் கிடந்த பெரிய வீடு ஒரு பக்கம், இடமில்லாமல் தவித்த நூலகம் இன்னொரு பக்கம். பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் ஆடிய நடனசாலை, சாதாரண மாணவன் உட்கார்ந்து படிக்கும் வாசகசாலை ஆயிற்று. சுதந்திரம் என்பதற்கு இதைவிட அழகான விளக்கம் வேண்டுமா?

சுமையும் ஈரமும்

ஆனால் கட்டடத்துக்கு அரசியல் தெரியாது. எடை மட்டுமே தெரியும். இந்தியத் தர நிர்ணய விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. குடியிருக்கும் அறையின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கட்டப்பட வேண்டும். வகுப்பறை என்றால் 300 கிலோ. நூலகத்தில் புத்தக அடுக்குகள் நிற்கும் அறை என்றால் குறைந்தது 600 கிலோ, அடுக்கின் உயரம் கூடினால் இன்னும் அதிகம். அதாவது புத்தக அறைக்கு வீட்டைப் போல மூன்று மடங்கு வலிமை வேண்டும். மனிதர்கள் எழுந்து போய்விடுவார்கள். புத்தகங்கள் இரவும் பகலும் அங்கேயே நிற்கும்.

இரண்டாவது எதிரி ஈரம். நம் ஊர் மெட்ராஸ் டெரஸ் போலவே, பழைய கல்கத்தா வீடுகளும் உத்தரமும் குறுக்குச் சட்டமும் வைத்துக் கட்டியவை. வங்காளிகள் இதைக் ‘கொரி-பொர்கா’ என்பார்கள். உயரமான கூரை, அகன்ற தாழ்வாரம், ‘கொர்கொரி’ என்ற சாய்பலகை ஜன்னல்கள் எல்லாமே மனிதனுக்குக் காற்று வர வேண்டும் என்று செய்தவை. ஆனால் ஆடி ஆவணி மாதத்தில் இந்நகரின் காற்றே தண்ணீராக இருக்கிறது. அந்தக் காற்று நமக்கு உயிர்; காகிதத்துக்கோ பூஞ்சணம். மனிதருக்கு நல்ல வீடு புத்தகத்துக்கும் நல்ல வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நூல்களும் ஆண்டுதோறும் பெருகின. சட்டப்படி வருபவை ஒரு புறம். அறிஞர் குடும்பங்கள் அளித்த கொடை மறு புறம். சர் ஆசுதோஷ் முகர்ஜியின் சேகரிப்பு மட்டும் எண்பதாயிரம் நூல்களுக்கு மேல். கடைசியில் அதே வளாகத்தில், நூல்களுக்கென்றே ‘பாஷா பவன்’ என்ற புதிய கட்டடம் எழுந்து 2004இல் திறக்கப்பட்டது. வாசகர்களும் அங்கே மாறினார்கள். பழைய மாளிகை தொல்லியல் துறையின் சீரமைப்புக்குப் போயிற்று.

அந்தச் சீரமைப்பில் ஒரு வேடிக்கை. 2010இல் கீழ்த்தளத்தில் கதவோ ஜன்னலோ இல்லாத ஓர் அடைபட்ட பகுதி இருப்பது தெரிந்தது. புதையல் என்றார்கள் சிலர். வெள்ளைக்காரன் ஆட்களை அடைத்து வதைத்த அறை என்றார்கள் சிலர். துளையிட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்தது வெறும் மண்! மேலே உள்ள பாரத்தைத் தாங்குவதற்காக அடைத்த மண்ணாக இருக்கலாம் என்றார்கள்.

நல்ல வேளையாகப் பெல்வெடியர் பிழைத்தது. எல்லாக் கட்டடங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கல்லூரித் தெருவில் 1872இல் எழுந்த பல்கலைக்கழக செனட் ஹவுஸ் 1960இல் இடிக்கப்பட்டது. டல்ஹௌசி சதுக்கத்தருகே உள்ள கரன்சி பில்டிங்கையும் 1990களில் இடிக்கத் தொடங்கி, நடுக்கூண்டு போன பிறகே நிறுத்தினார்கள். மிஞ்சியதைத் தொல்லியல் துறை காப்பாற்றியதால் 2020இல் அது கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. இடிப்பதும் அப்படியே திணிப்பதும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு: கட்டடம் எதைத் தாங்குமோ அதை மட்டும் அதனிடம் கேட்பது.

பள்ளிக்கூடம் என்றால்?

நூலகத்தில் தவறினால் போவது ஏடு. பள்ளிக்கூடத்தில் தவறினால் போவது உயிர். 2004 ஜூலை 16ஆம் தேதியைத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டோம். கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடியில் இருந்த கீற்றுக் கூரை வகுப்பறைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. கீற்று நிழலுக்கு நல்லது. ஆனால் அடுப்புக்கு அருகில், குறுகிய படிக்கட்டுக்கு மேலே, நூற்றுக்கணக்கான குழந்தைகளின் தலைக்கு மேல் இருக்க வேண்டியதல்ல அது. அதன் பிறகு தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும், தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த நகரில் பழைய வீடுகளில் நடக்கும் பள்ளிகள் பல. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, பெல்வெடியரும் வீடுதானே! ஆனால் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் விசாரிக்கும் நாம், இன்னும் நான்கு விஷயங்களையும் பார்த்துவிட்டு வரலாம். இறங்குவதற்கு இரண்டு படிக்கட்டுகள் உண்டா? படிக்கட்டின் அடியில் பழைய பெஞ்சும் காகிதக் கட்டும் குவிந்திருக்கிறதா? ஜன்னல் கம்பியில் திறக்கக்கூடிய பகுதி ஏதேனும் உண்டா? விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட பழைய ஒயரிலேயே ஏ.சி.யும் கணினியும் ஓடுகின்றனவா?

நம் சங்கங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஒரு ஹால், நூலகத்துக்கு ஓர் அறை என்று கிடைத்த இடத்தில் நடத்துகிறோம். புத்தக அலமாரிகளை அறையின் நடுவில் நிறுத்தாமல், பாரம் தாங்கும் சுவரை ஒட்டி, முடிந்தால் தரைத்தளத்திலேயே வைக்கலாம். வெளிச்சுவரின் ஈரம் படாமல் ஒரு சாண் இடைவெளி விடலாம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை புத்தகங்களைப் பிரித்துப் பார்க்கலாம். விழா நாளில் நாற்காலி போதவில்லை என்று வாசலை அடைத்துப் போடாமல் இருக்கலாம். இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம். பொறுப்பேற்க ஓர் ஆள் போதும்.

அடுத்த விடுமுறையில் குழந்தைகளுக்குப் புலியைக் காட்டிய பிறகு, அருகில் உள்ள அந்த வாசலிலும் கொஞ்சம் நின்று பெல்வெடியரைக் காட்டுங்கள். துரைகள் ஆடிய வீட்டில் நம் வையாபுரிப் பிள்ளையின் நூல்களுக்கு இடம் கொடுத்த நூலகம் இது என்று சொல்லுங்கள். அந்த வீட்டின் பாரத்தைக் குறைக்கத்தான் பக்கத்தில் இன்னொரு வீடு கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.