நரம்புகளின் உறவு

நுழையும்முன்

கித்தாரில் விரல்களை விரைந்து ஓடவிடப் பழகலாம். அந்த ஓட்டம் பாடலோடு இயைந்து செல்வதற்கு விரல்பழக்கம் மட்டும் போதாது. ஒருவர் நூறு சுரங்களை வாசித்தும் இசை மனத்தில் பதியாமல் போகிறது. மற்றொருவர் நான்கே சுரங்களில் நெஞ்சைத் தொடுகிறார். இந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏழிசையின் பெயர்கள்

காரைக்கால்மேடு முதலிய மீனவர் ஊர்கள் கடலோரமாக அமைந்த காரைக்கால், காரைக்கால் அம்மையார் பிறந்த ஊராகும். தேவாரம் பாடிய மூவருக்கும் காலத்தால் முற்பட்ட அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. துத்தம், உழை, இளி, விளரி முதலிய இசைப்பெயர்களையும் பல இசைக்கருவிகளின் பெயர்களையும் அவர் ஒரே பாடலில் எடுத்துரைக்கிறார்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் முறையே இன்றைய ச, ரி, க, ம, ப, த, நி ஆகும். பழந்தமிழர் இவற்றை 'நரம்பு' என்றே வழங்கினர். யாழில் கட்டிய நரம்பும் அதில் எழும் சுரமும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. நரம்புகளுக்கு இடையே இணை, கிளை, பகை, நட்பு என நால்வகை உறவு உண்டு என்பதைச் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையால் அறியலாம். ஒரு சுரத்தின் இனிமை அதன் அருகில் ஒலிக்கும் சுரத்தைப் பொறுத்தது என்னும் இந்த உண்மையே கித்தார் பயில்வோருக்கும் அடிப்படையாகும்.

நிலைத்த ஆதாரமும் மாறும் ஆதாரமும்

கருநாடக இசையில் தம்புரா தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே ஆதார சுருதியை ஒலிக்கிறது. பாடகர் எங்குச் சென்றாலும் திரும்பிவர 'ச' என்னும் வீடு காத்திருக்கிறது.

மேலையிசையில் நிலைமை வேறு. அங்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒருசேர ஒலிக்கின்றன. இக்கூட்டினைக் 'கார்டு' என்பர். ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒழுங்கு கார்டு வரிசை எனப்படும். கார்டு மாறுந்தோறும் மெட்டின் கீழிருக்கும் நிலமே நகர்கிறது. அலை உயர்ந்தால் படகும் உயர வேண்டும். அலையை மறந்து துடுப்பை மட்டும் போடுபவர் கரை சேர்வது அரிது.

கித்தாரில் வாசிக்கும் சிறு இசைத்தொடரை 'லிக்' என்பர். நம் இசையில் ஓர் இராகத்தை இனங்காட்டும் 'பிடி'யை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். பிடி இராகத்துக்குக் கட்டுப்பட்டது. லிக், அந்தக் கணத்தில் ஒலிக்கும் கார்டுக்கும் கட்டுப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு

'சி' சுரத்தைச் 'ச' எனக் கொள்வோம். மெல்லிசையில் பெரிதும் பயிலும் ஒரு கார்டு வரிசை பின்வருமாறு அமையும்:

சி மேஜர் – ச க ப
ஏ மைனர் – த ச க
எஃப் மேஜர் – ம த ச
ஜி மேஜர் – ப நி ரி

கித்தாரின் ஒரு மெட்டு என்பது அரைச்சுர அளவு. மேஜர் கார்டில் முதற்சுரத்திலிருந்து நான்கு மெட்டு தள்ளி இரண்டாம் சுரம் நிற்கும். மைனர் கார்டில் மூன்று மெட்டு. இந்த ஒரு மெட்டு வேறுபாடே ஒன்றை மலர்ச்சியாகவும் மற்றொன்றைக் கனிவாகவும் ஒலிக்கச் செய்கிறது. ஆகவே, கார்டின் இயல்பைச் சொல்லும் சுரம் இந்த நடுச்சுரமே.

மேற்கண்ட நான்கு கார்டுகளின் நடுச்சுரங்களை மட்டும் எடுத்தால் க, ச, த, நி எனக் கிடைக்கும். ஒவ்வொரு கார்டும் தொடங்கும் முதல் அடியில் அதற்குரிய சுரத்தை ஒலிக்க வேண்டும். இடையில் வழிச்சுரங்களைச் சேர்க்கலாம். 'க'வுக்கும் 'ச'வுக்கும் இடையில் ரி. 'ச'விலிருந்து கீழிறங்கி மந்தரத் 'த'வை அடையும் வழியில் நி. பின்னர் 'த'விலிருந்து ஒரு படி ஏறினால் நி. மீண்டும் ஒரு படி ஏறினால் தொடங்கிய கார்டின் ச. இவ்வாறு அமையும் எளிய லிக்கைக் கார்டு ஒலிக்காமல் தனியே வாசித்தாலும், கார்டு மாறுவதைக் கேட்பவர் உணர்வார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஜி மேஜர் ஒலிக்கும்போது 'ச'வை நீட்டிப் பிடித்தால் அது கார்டிலுள்ள 'நி'யோடு உரசும். எப்போதும் வீடாக இருந்த 'ச' அந்த நான்கு அடிகளுக்கு விருந்தினராகிவிடுகிறது. கருநாடக இசையில் ஊறிய செவிக்கு இதுவே புதிய பாடம். அந்த உரசலைத் தவிர்க்கலாம். வேண்டுமென்றே எழுப்பி, 'நி'யில் இறக்கி அமைதிப்படுத்தவும் செய்யலாம். எதைச் செய்தாலும் அறிந்து செய்வதே கலை.

தெரியுமா?

குரலுக்கு ஐந்தாம் நரம்பு இளி, இளிக்கு ஐந்தாவது துத்தம், துத்தத்துக்கு விளரி, விளரிக்குக் கைக்கிளை. கிளையுறவில் பிறக்கும் இவ்வைந்தையும் வரிசைப்படுத்தினால் ச ரி க ப த என்னும் மோகன இராகச் சுரங்கள் கிடைக்கின்றன. கித்தார் பயில்வோர் லிக் வாசிக்க முதலில் கற்கும் ஐஞ்சுர வரிசைகளுள் இதுவும் ஒன்று.

செவியும் விரலும்

மேற்கண்ட கார்டு வரிசைக்கு மோகனச் சுரங்கள் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் எங்கே நிறுத்துவது என்பதே லிக்கின் உயிர். சி மேஜரில் 'க'விலும், எஃப் மேஜரில் 'த'விலும், ஜி மேஜரில் 'ரி' அல்லது 'ப'விலும் நிறுத்தும்போது, அதே ஐந்து சுரங்கள் வெவ்வேறு பொருள் தருகின்றன.

இதைக் கற்க விரல் வடிவங்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. முதலில் கார்டை மெல்ல ஒலித்து, அதன் நடுச்சுரத்தை வாயால் பாட வேண்டும். பாடியதை ஒரு நரம்பில் தேடி வாசிக்க வேண்டும். அதன் பிறகே வழிச்சுரங்களைச் சேர்த்து, வேகத்தைக் கூட்ட வேண்டும். வாயால் பாட முடியாத லிக், விரலில் இருந்தும் நம்முடையதாவதில்லை.

தமிழ்த் திரையிசை இந்த இரு மரபுகளும் சந்தித்த களம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்ற இளையராஜா, கித்தாரிலும் தேர்ந்தவர். 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலில் கித்தார் வெறும் பக்கவாத்தியமாக நிற்காமல், பாடகரின் குரலுக்கு மறுமொழி சொல்லும் மற்றொரு குரலாகிறது. கித்தார் பிரசன்னா அதே கருவியில் கமகங்களோடு கருநாடக இசைக் கீர்த்தனைகளை வாசிக்கிறார். ஒரு மரபைக் கற்பதற்கு மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

யாழ் மறைந்தது; நரம்பு வேறொரு கருவியில் ஒலிக்கிறது. இணை எது, பகை எது என்று கேட்டறியும் செவி இருந்தால் எந்த நரம்பிலும் இசை பிறக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்குப் பிடித்த திரைப்பாடல் ஒன்றில் கார்டு மாறும் இடங்களைக் கேட்டுக் கைதட்டிக் காட்டுக.

2. 'நரம்பு' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் பயிலும் இடங்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.