பேக்கப் இருக்கு... திரும்ப வருமா?

2017 ஜனவரி 31. உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்லேப் தளத்தில் அன்று மாலையிலிருந்தே டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. முதன்மை சர்வரில் எழுதப்படுவதை உடனுக்குடன் பிரதி எடுத்துக்கொள்ளும் இரண்டாவது சர்வர், பளு தாங்காமல் பின்தங்கி, ஒரு கட்டத்தில் நின்றேபோனது. இனி இரண்டாவது சர்வரில் இருப்பதைத் துடைத்துவிட்டு, முதன்மையிலிருந்து புதிதாகப் பிரதி எடுக்க வேண்டியதுதான். இரவு வெகுநேரம் அதோடு மல்லுக்கட்டிய பொறியாளர், பிரதி எடுக்கும் கருவி எந்தப் பிழையும் காட்டாமல் அசையாமல் நிற்பதைப் பார்த்தார். பழைய ஃபோல்டர்தான் இடைஞ்சல் என்று நினைத்து, அதை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு விநாடியில் புரிந்துவிட்டது: கட்டளை ஓடுவது முதன்மை சர்வரில்! நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் மிஞ்சியிருந்தது 4.5 ஜிபி.

கை தவறுவது எந்தத் தொழிலிலும் உண்டு. அதற்காகத்தானே பேக்கப்? அதைத் தேடிப் போனார்கள்.

தினமும் தோற்ற பேக்கப்

நாளுக்கு ஒருமுறை டேட்டாபேஸ் முழுவதையும் அமேசானின் எஸ்-3 சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு. அதை பேக்கப் எடுக்கும் வேலை ஓடியதோ வேறொரு சர்வரில். எந்தப் பதிப்புக் கருவியைக் கையில் எடுப்பது என்பதை, டேட்டாபேஸ் ஃபோல்டரில் உள்ள ஒரு சின்ன ஃபைலைப் பார்த்துத்தான் மென்பொருள் முடிவு செய்யும். அந்த சர்வரில் டேட்டாபேஸே கிடையாது. ஆகவே ஃபைலும் இல்லை. வழி தெரியாமல் 9.2 கருவியை எடுத்துக்கொண்டது. பதிப்பு பொருந்தவில்லை என்று பிழை காட்டிவிட்டு அந்தக் கருவி வெளியேறியது. மறுநாளும் அதேதான் நடந்தது.

தோற்றால் மின்னஞ்சல் போக வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. மின்னஞ்சல்கள் போகவும் செய்தன. ஆனால், வந்த மின்னஞ்சல் போலியா அசலா என்று பார்க்கும் டிமார்க் சோதனைக்குத் தேவையான கையொப்பம் அவற்றில் இல்லை. பெறுகிற சர்வர் வாசலிலேயே நிராகரித்துவிட்டது. பேக்கப் தோற்றது, தோற்றதைச் சொல்லவும் செய்தது. யார் காதிலும் விழவில்லை, அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகத்தில் டிஸ்க்கையே படம்பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி உண்டு. கோப்பு சர்வர்களுக்கு அதைப் போட்டிருந்தார்கள். டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடவில்லை. மற்ற பேக்கப்புகள் போதும் என்ற நினைப்பு. கடைசியில் கைகொடுத்தது தற்செயல். சம்பவத்துக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் கையாலேயே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, சோதனைச் சூழலில் ஏற்றியிருந்தார். அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த டிஸ்க் மிக மெதுவானது. நகல் எடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. அந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் அழிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போனது போனதுதான். நிரல்கள் தனியாகக் கோப்பு சர்வரில் இருந்ததால் தப்பின.

மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது கிட்லேப். பிறகு வெளியிட்ட அறிக்கையில், பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொன்னது: அந்த வேலைக்கு இன்னார் பொறுப்பு என்று யாரும் இல்லை.

‘ஜாப் ஃபெயில்’ என்றால்...

கிட்லேப்பில் சொந்த ஸ்கிரிப்ட்கள். வங்கி, காப்பீடு, மருத்துவமனை என்று பெரிய நிறுவனங்களில் நெட்பேக்கப், கம்வால்ட், வீம் போன்ற விலை கூடிய மென்பொருள்கள். நூற்றுக்கணக்கான சர்வர்களின் நிலவரம் ஒரே திரையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஓடும். அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்காக இந்தத் திரையை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் ஷிஃப்ட்கள் சென்னையில் ஏராளம்.

சிவப்பு வந்தால் முதலில் எண்ணைப் பார்ப்பார்கள். நெட்பேக்கப்பில் 0 என்றால் வெற்றி. 1 என்றால் அரைகுறை வெற்றி. 58 வந்தால் அந்த சர்வரோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். முந்தைய நாள் யாராவது ஃபயர்வாலில் கைவைத்திருப்பார்கள்; 1556 போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் பல நேரம் விடை கிடைத்துவிடும். 96 என்றால் எழுதுவதற்கு டேப் இல்லை. இவற்றில் குழப்பம் குறைவு.

படுத்துவது 6. கேட்டதை பேக்கப் எடுக்க முடியவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. ஆரக்கிள் டேட்டாபேஸில் 6 வந்தால் பேக்கப் திரையையே வெறித்துக்கொண்டிருந்து பயனில்லை. அங்கே பேக்கப் எடுப்பது ஆர்மேன் என்ற ஆரக்கிளின் சொந்தக் கருவி. பேக்கப் மென்பொருள் அது கொடுப்பதை வாங்கி டேப்பிலோ டிஸ்க்கிலோ எழுதுகிறது. என்ன நடந்தது என்பது ஆர்மேனின் லாகில்தான் இருக்கும். அந்தப் பிழைக் குவியலைக் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். மேலே பளிச்சென்று தெரிவது பொதுவான அறிவிப்பு. விஷயம் கடைசி ஓரிரு வரிகளில் ஒளிந்திருக்கும்.

அங்கே ஓஆர்ஏ-19511 என்று இருந்தால், பிழை வந்தது பேக்கப் மென்பொருள் பக்கத்திலிருந்து. டேட்டாபேஸ் நிர்வாகி, “உங்க பக்கம்தான் பிரச்சனை” என்று டிக்கெட்டைத் தள்ளிவிடுவார். பேக்கப் குழு, “எங்க மத்த ஜாப் எல்லாம் ஓடுதே சார்” என்று திருப்பித் தள்ளும். இரண்டு பேருமே தங்கள் பக்கத்து லாகை மட்டும் பார்த்திருப்பார்கள். இரண்டு லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த நிமிடத்தில் இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் முடிச்சு அவிழும்.

இந்தப் பந்தாட்டம் நீண்டால் பேக்கப்போடு நிற்காது. ஆரக்கிள் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆர்க்கைவ் லாக் ஃபைல்களில் எழுதிவைக்கும். பேக்கப் எடுத்து முடித்த பிறகே அவற்றை அழிப்பது வழக்கம். பேக்கப் தொடர்ந்து தோற்றால் அவை குவிந்து டிஸ்க் நிரம்பும். ஓஆர்ஏ-00257 வரும், டேட்டாபேஸ் புதிய வேலை எதையும் ஏற்காமல் நின்றுவிடும். எஸ்.க்யூ.எல். சர்வரில் இதே சங்கடத்தின் எண் 9002. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட பேக்கப், நாளைக்கு வியாபாரத்தையே நிறுத்தும்.

பச்சைக்குள் இருக்கும் சிவப்பு

சிவப்பையாவது யாரோ ஒருவர் பார்ப்பார். பச்சையை யார் திறந்து பார்க்கிறார்கள்?

ஆர்மேனை ஓட்டும் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கப் தோற்ற பிறகும் ஸ்கிரிப்டின் கடைசி வரி, “முடிந்தது” என்று லாகில் எழுதும் ஒரு சாதாரண வரியாக இருக்கலாம். அது ஒழுங்காக ஓடி 0 என்று திருப்பித் தரும். மேலே இருக்கும் மென்பொருள் அந்த 0-வைப் பார்த்து பச்சை காட்டும்.

எஸ்.க்யூ.எல். சர்வரில் இன்னொரு பொறி. ஞாயிறு இரவு முழு பேக்கப். மற்ற இரவுகளில், அதற்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் டிஃபரென்ஷியல். புதன் பகலில் ஒரு டெவலப்பர் சோதனைக்காகத் தானே ஒரு முழு பேக்கப் எடுக்கிறார்; வேலை முடிந்ததும் ஃபைலை அழித்துவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து டிஃபரென்ஷியலின் கணக்கு, ஞாயிறை விட்டுவிட்டு அந்த டெவலப்பரின் ஃபைலிலிருந்து தொடங்கும். புதன், வியாழன், வெள்ளி இரவுகள் பச்சைதான். சனிக்கிழமை டேட்டாபேஸ் விழுந்தால், அந்த மூன்று இரவுகளின் பேக்கப்பும் எதன் மேல் உட்கார வேண்டுமோ அது உலகத்திலேயே இல்லை. லாக் பேக்கப்புகள் இருந்தால் தப்பலாம். இல்லாவிட்டால் செவ்வாய் இரவோடு சரி. பேக்கப் எடுக்கும்போது ‘காபி ஒன்லி’ என்ற சொல்லை அவர் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது.

குறியாக்கம் செய்த டேட்டாபேஸ்களில் மூன்றாவது பொறி. பேக்கப் ஒழுங்காக இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் சான்றிதழ், எரிந்துபோன பழைய சர்வரில் மட்டுமே இருந்திருக்கும். ஒவ்வொரு பைட்டும் பத்திரம், ஒரு எழுத்தும் படிக்க முடியாது.

காக்க வந்ததே அழித்தது

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேக்கப்பே அழிவுக்குக் காரணமானது. அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்டில், பழைய லாக் ஃபைல்களை நீக்கும் பகுதி ஒன்று உண்டு. அதைப் பராமரித்த ஹியூலட் பேக்கர்டு எண்டர்பிரைஸின் ஜப்பான் நிறுவனம், ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் திருத்திய வடிவத்தை அதே ஃபைலின் மேல் எழுதியது. பாஷ் என்னும் நிரல் ஓட்டி, ஃபைலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டே ஓட்டும் வகை. பாதியில் புதிய ஃபைலுக்குத் தாவியதில், எந்த ஃபோல்டரைச் சுத்தம் செய்வது என்று சொல்லும் மாறி வெறுமையாகிப்போனது. லாகுகளை நீக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் தரவுக்குள் நுழைந்தது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி ஃபைல்கள் போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. முழுப் பொறுப்பும் தங்களுடையதே என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மீட்பிலிருந்து தொடங்குங்கள்

இந்தச் சம்பவங்கள் சொல்வது ஒன்றுதான். பேக்கப் மென்பொருள் தன் வேலை முடிந்ததா என்பதைத்தான் சொல்லும். டேட்டாபேஸ் திரும்ப வருமா என்பதைச் சொல்லாது. திரும்பக் கொண்டுவந்து பார்த்தால் மட்டுமே அது தெரியும்.

ஆர்மேனில் ‘ரீஸ்டோர் வேலிடேட்’ உண்டு, எஸ்.க்யூ.எல். சர்வரில் ‘வெரிஃபை ஒன்லி’ உண்டு. பேக்கப்பைப் படிக்க முடிகிறதா என்று இவை பார்க்கும். முதல் படியாக நல்லவை. ஆனால் சான்றிதழ் தொலைந்தது, செயலி அந்தத் தரவை ஏற்க மறுப்பது போன்றவை வேறொரு சர்வரில் முழுதாக ரீஸ்டோர் செய்து, டேட்டாபேஸைத் திறந்து, நேற்றைய கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் வெளியே வரும். எச்சரிக்கையும் அப்படியே. தோற்றால் மட்டும் மின்னஞ்சல் வரும் ஏற்பாட்டில், மின்னஞ்சல் வராததை எல்லோரும் வெற்றி என்று எடுத்துக்கொள்வார்கள். கடைசி நல்ல பேக்கப் எப்போது எடுக்கப்பட்டது, அதன் அளவு எவ்வளவு என்பதை வேறொரு கருவி தினமும் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். எஸ்-3 காலியாக இருந்ததை அப்படி ஒரு சோதனை முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். கிட்லேப்பும் பட்ட பிறகு, பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனையைத் தானியங்கியாக்கும் வேலையில் இறங்கியது.

நிர்வாகத்துக்குப் போகும் மாதாந்தர அறிக்கையில் ‘பேக்கப் வெற்றி 99 சதவீதம்’ என்ற வரி தவறாமல் இருக்கும். அதற்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் போடச் சொல்லுங்கள்: கடைசியாக முழு ரீஸ்டோர் செய்து பார்த்த தேதி, அதற்கு ஆன மணி நேரம், அதற்குப் பொறுப்பானவர் பெயர். கிட்லேப்புக்கு அந்த 18 மணி நேரம் தெரியவந்தது தளம் விழுந்த பிறகுதான். அந்த எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த வாடிக்கையாளரும் காத்திருக்காத நேரத்தில், நாமே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்று வரிகளில் எது காலியாக இருக்கிறதோ, பழுதை அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.