அயலார் குழந்தைக்கு ஒரு சோதனை, நம் குழந்தைக்கு ஒன்றுமில்லையா?

காஞ்சீபுரத்துக்குக் கிழக்கே ஏனாத்தூர். அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையை அடைந்து சென்னையை நோக்கிச் செல்பவர் வழியில் சுங்குவார்சத்திரத்தைக் காண்பார். 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் வரையில் மத்தியப் பிரதேசத்து ஏழை ஜனங்கள் இந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கக் காரணமில்லை. இப்போது அங்கே சிந்த்வாரா ஜில்லாவில் பராஸியாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதை அறியாத தாயார் இல்லை. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்போன காஞ்சியின் ஜில்லா, குழந்தைகளைக் கொன்ற ஒரு மருந்தின் பிறப்பிடமாக அவர்களுக்கு அறிமுகமாயிற்று.

விஷயம் இதுதான். சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா என்னும் கம்பெனி ‘கோல்ட்ரிஃப்’ என்ற பெயரில் ஜலதோஷத்துக்கும் இருமலுக்கும் ஒரு ஸிரப் தயாரித்து வந்தது. 2025 மே மாதத்தில் தயாரான எஸ்.ஆர்.-13 என்ற தொகுதி சிந்த்வாராவுக்குப் போயிற்று. சாதாரண ஜுரத்துக்காக அதைக் குடித்த சிறு குழந்தைகளுக்கு வாந்தி கண்டது. பிறகு சிறுநீர் நின்றது. நாகபுரி ஆஸ்பத்திரிகளில் இயந்திரங்களைக் கொண்டு இரத்தத்தைச் சுத்தி செய்து பார்த்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அக்டோபர் 1-ம் தேதி தொழிற்சாலையில் மாதிரி எடுத்தது. மறுநாளே பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அந்த ஸிரப்பில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. மருந்து நூல்கள் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு நூற்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1. ஆகவே இங்கே இருந்தது அனுமதித்த அளவைப்போல் 486 மடங்கு. கை தவறி ஒரு துளி கலந்துவிட்டது என்று சொல்வதற்கு இதில் இடமேயில்லை. புட்டியில் ஏறக்குறைய பாதி விஷம்.

இந்தத் திரவத்தின் தன்மையை நேயர்கள் அறிந்துகொள்வது அவசியம். அது நிறமற்றது, பாகுபோல் கெட்டியானது, நாவுக்குச் சற்று இனிப்பானது. மோட்டார் வண்டிகளின் பிரேக்கில் ஊற்றும் திரவத்திலும், உறையாமல் காக்கும் திரவங்களிலும் அது சேர்கிறது. மருந்துகளைக் கரைப்பதற்கு உரிய கிளிஸரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் பார்வைக்கு அதைப்போலவே இருக்கும். ஆனால் விலை கூடுதல். தொழிற்சாலை உபயோகத்துக்கான மட்ட ரகத்தை வாங்கிச் சோதிக்காமல் பாத்திரத்தில் ஊற்றினால் போதும். வயிற்றுக்குள் சென்ற பிறகு கல்லீரல் அதை ஒரு அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கொல்கிறது. இருமலுக்கு மருந்து கொடுத்த தகப்பனார், நான்கு நாள் கழித்துக் குழந்தை ஏன் சிறுநீர் கழிக்கவில்லை என்று யோசிக்கும்போது காரியம் மிஞ்சிப் போயிருக்கும்.

இது எவரும் எதிர்பாராத புது ஆபத்தா? இல்லவே இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்து விற்ற ஸல்ஃபனிலமைட் மருந்தினால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மறு வருஷமே அந்நாட்டார் புதிய சட்டம் செய்துகொண்டார்கள். நமது மருந்துச் சட்டம் 1940-ல் பிறந்தது. அதன் பிறகு 1972-ல் நமது சென்னையிலேயே இதே விஷம் பல குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள் போனார்கள்; நீதிபதி லெண்டின் விசாரித்து நீண்டதோர் அறிக்கையும் கொடுத்தார். 1998-ல் டில்லியை அடுத்த குர்காவுனில் 33 குழந்தைகள். 2019-ம் வருஷக் கடைசியில் ஜம்முவில். 2022-ல் ஹரியானாவில் தயாரான ஸிரப்புகளைக் குடித்து ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் எழுபதை ஒட்டிய குழந்தைகள். அதே வருஷம் உஸ்பெகிஸ்தானில். சென்னைக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவே ஐம்பத்து மூன்று வருஷங்கள் ஓடியிருக்கின்றன.

காம்பியாவுக்குப் பிறகு டில்லி சர்க்கார் ஒரு காரியம் செய்தது. அதைத்தான் நாம் முக்கியமாக எடுத்துக்காட்ட விரும்புகிறோம். இந்தியாவிலிருந்து வெளிநாடு செல்லும் இருமல் ஸிரப் ஒவ்வொன்றும் சர்க்கார் பரிசோதனைக்கூடத்தில் சோதிக்கப்பட்டுச் சான்றுப் பத்திரம் பெற்ற பின்னரே கப்பலேற வேண்டுமென்று 2023 ஜூன் 1-ம் தேதி முதல் விதி செய்தார்கள். நல்ல விதி. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த விதியை எழுதிய பேனா எல்லைக்கு வெளியே மட்டும் எழுதிவிட்டு நின்றுவிட்டது. பராஸியாவுக்குப் போகும் புட்டிக்கு அத்தகைய சான்றுப் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. காம்பியாவின் குழந்தை குடிக்கும் மருந்தை சர்க்கார் சோதித்துக் கொடுக்கும். சிந்த்வாராவின் குழந்தை குடிக்கும் மருந்தைத் தயாரிப்பவரே சோதித்துக்கொள்வார் என்று நம்பிவிடும். அந்நியர் ஆண்ட காலத்தில் ஏற்றுமதிக்கு முதல்தரச் சரக்கும் உள்நாட்டாருக்குக் கழிவும் என்று நாம் குறைகூறியதுண்டு. சுயராஜ்யத்தில், நமது பிரதிநிதிகள் செய்த விதியிலேயே இந்தப் பேதம் நுழைந்திருப்பதை என்னவென்று சொல்வது?

விதி இல்லாமற் போனதால் மட்டும் நடந்த விபரீதம் இதுவென்றும் சொல்ல முடியாது. மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும், தயாரான மருந்தின் ஒவ்வொரு தொகுதியையும் லைசென்ஸ்தாரர் சோதிக்க வேண்டுமென்பது பழைய விதி. சிறு தொழிற்சாலைகள் புதிய தரக் கட்டுப்பாட்டுக்குத் தங்களைத் தயார் செய்துகொள்ள 2025 டிசம்பர் 31 வரையில் அவகாசம் தரப்பட்டது மெய்யே. ஆனால் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எவரும் அவகாசம் கேட்க முடியாது. அக்டோபரில் அதிகாரிகள் அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது 350-க்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டு எழுதினார்கள். 2011-ல் லைசென்ஸ் பெற்ற ஒரு தொழிற்சாலையில் இத்தனை குறைகளும் ஒரே இரவில் முளைத்திருக்குமா? உடனே டில்லி சர்க்கார் சென்னையைச் சுட்டிக்காட்டிற்று. சென்னை சர்க்கார் டில்லியைச் சுட்டிக்காட்டிற்று. இரண்டு இன்ஸ்பெக்டர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அக்டோபர் 13-ம் தேதி லைசென்ஸ் ரத்தாயிற்று. கம்பெனியின் சொந்தக்காரரும், மருந்தை எழுதிக்கொடுத்த வைத்தியர் ஒருவரும் கைதானார்கள். வழக்கு நியாயஸ்தலத்துக்குச் சென்றிருக்கிறது. குற்றவாளி யார், தண்டனை என்ன என்பதைத் தீர்மானிப்பது நியாயாதிபதிகளின் வேலை. கலப்பட மருந்தினால் மரணம் நேர்ந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம், ஆயுள் வரையிலும் கூட என்று 2008-ல் திருத்திய சட்டம் சொல்லுகிறது என்பதை மாத்திரம் குறிப்பிடுகிறோம்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் சிறு சுதேசி முதலாளிகள் அழிந்துபோவார்கள் என்று சிலர் இரங்குகிறார்கள். சுதேசியத்தின் பெயரால் இந்த வாதத்தைக் கேட்க நமக்கு வெட்கமாயிருக்கிறது. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் வங்காளத்தில் மருந்துத் தொழிற்சாலை கண்டபோது, நம்மவர் செய்யும் மருந்து சீமை மருந்துக்குத் தாழ்ந்ததல்ல என்று நிரூபிப்பதே அவர் நோக்கமாயிருந்தது. சோதனைக்கு அஞ்சி ஓடுவதற்கு அவர் சுதேசி என்ற பெயரை உபயோகிக்கவில்லை.

காஞ்சீபுரத்தார் இதை மற்றவர்களைக் காட்டிலும் நன்கு அறிவார்கள். பட்டுச் சேலையின் சரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று சோதித்த பிறகே கூட்டுறவுச் சங்கத்தார் வாங்குவார்கள். போலிச் சரிகை கலந்துவிட்டால் ஊரின் பெயரே கெடும் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். சேலைக்கு இவ்வளவு காவல் வைத்த ஜில்லாவில் குழந்தையின் மருந்துக்குக் காவலில்லாமற் போயிற்று.

குழந்தைகள் விரைவில் இறந்ததனால் இந்த அக்கிரமம் வெளிப்பட்டது. நாள்பட்ட நோயாளிகளின் கதி வேறு. தறியில் நாளெல்லாம் குனிந்திருக்கும் நெசவாளி ஒருவர் நீரிழிவுக்கோ இரத்தக் கொதிப்புக்கோ பத்து வருஷமாக மாத்திரை உட்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத்திரையில் இருக்க வேண்டிய மருந்து பாதிதான் இருந்தால் அவர் அன்றே மாளமாட்டார். கண் மங்கும், சிறுநீரகம் தளரும், ஒருநாள் பக்கவாதம் வரும். விதி என்று வீட்டார் அழுவார்கள். மாத்திரையை எவரும் சந்தேகிக்கமாட்டார்கள். தரம் குறைந்த மருந்துகளின் ஜாபிதாவை டில்லி இலாகா மாதந்தோறும் வெளியிடுகிறது. அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

தொற்று நோயும் இந்த வழியில் வருவதுண்டு. 2023-ல் திருப்போரூர் அருகே குளோபல் பார்மா என்னும் கம்பெனி தயாரித்து அமெரிக்காவில் விற்பனையான கண்ணீர்த் துளி மருந்தை நினைவூட்டுகிறோம். கண் வறட்சி என்னும் தீராத உபத்திரவத்துக்காக அதை உபயோகித்தவர்களிடையே, எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத ஒரு கிருமி பரவியது. அந்நாட்டு நோய்த்தடுப்பு இலாகா 18 ராஜ்யங்களில் 81 நோயாளிகளைக் கணக்கெடுத்தது. நால்வர் இறந்தார்கள், பதினால்வர் பார்வை இழந்தார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்ணில் வந்த சீழுக்கும் புட்டிக்கும் உள்ள தொடர்பை அவர்கள் கண்டுபிடித்தது, ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் கண்டதை எழுதி ஒரே இடத்துக்கு அனுப்பியதால்தான்.

நம்மால் அது முடியாதா? 1956-ல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நோயாளியை ஸானிடோரியத்தில் வைத்து நல்ல ஆகாரமும் ஓய்வும் கொடுத்தால்தான் காசம் தீரும் என்பது அக்காலத்து உலகின் நம்பிக்கை. சென்னையின் ஏழை மக்கள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஸானிடோரியத்திலும் மறு பிரிவினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் நோயாளி இருப்பதால் மனைவி மக்களுக்குத் தொற்றிவிடுமே என்ற பயத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பரிசோதித்து, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு ஆபத்து அதிகமாகவில்லை என்று கண்டார்கள். கண்டதை எல்லோரும் படிக்கும்படி அச்சிட்டார்கள். உலகமெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்ண இன்று முடிகிறதென்றால், சேத்துப்பட்டில் நடந்த அந்தப் பொறுமையான வேலைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆகையால் நமக்கு அறிவில்லை, ஆட்களில்லை என்ற பேச்சை நாம் ஏற்கமாட்டோம். அன்று எண்ணினார்கள், எழுதினார்கள், வெளியிட்டார்கள். இன்று ஒரு தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் எப்போது போனார், என்ன கண்டார் என்று கேட்டால் பதில் பெறுவதே பெரும்பாடு.

சர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டே. ஏற்றுமதி ஸிரப்புக்குள்ள சர்க்கார் சோதனை உள்நாட்டு ஸிரப்புக்கும் வேண்டும். இதற்குப் பணமில்லை என்ற சமாதானம் செல்லாது, ஏனெனில் இந்த விஷத்தை நமது இலாகாவே ஒரே நாளில் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறது. இரண்டாவது, தொழிற்சாலைச் சோதனை அறிக்கை ஒவ்வொன்றும் தேதியுடன் பொதுஜனங்களின் பார்வைக்கு வரவேண்டும்.

தேசத் தொண்டர்களான நமது நேயர்களுக்கும் வேலை இருக்கிறது. மருந்துச் சட்டத்தின் 26-வது பிரிவை வக்கீல்களிலேயே பலர் கவனிப்பதில்லை. கடையில் வாங்கிய எந்த மருந்தையும், வாங்கிய எந்த மனிதரும், குறிப்பிட்ட கட்டணத்தைச் செலுத்தி சர்க்கார் பரிசோதகரிடம் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம் என்று அது கூறுகிறது. அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கத்துக்கும் அதே உரிமை உண்டு. வழக்குத் தொடரும் உரிமையும் உண்டு. இந்த உரிமையை ஒரு தாலுகாவுக்கு ஒரு சங்கம் மாதம் ஒருமுறை உபயோகித்தாலும் மட்ட ரகச் சரக்கை வாங்குபவரின் கை நடுங்கும்.

இருமல் ஸிரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாதென்றும், ஐந்து வயது வரையில் பொதுவாக வேண்டியதில்லை என்றும் டில்லி சுகாதார இலாகா 2025 அக்டோபரில் வைத்தியர்களுக்கு எழுதியது. கோல்ட்ரிஃப்பில் இருந்த குளோர்பெனிரமின், பெனைலெப்ரின் என்ற இரு மருந்துகளின் சேர்க்கையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாதென்ற எச்சரிக்கை 2023 டிசம்பரிலேயே வெளியாயிற்று. குழந்தைகளின் சாதாரண இருமல் தானே அடங்கும். விஷமில்லாத ஸிரப்பும் அதைச் சீக்கிரம் அடக்கியதாக நம்பத்தகுந்த ஆராய்ச்சி இல்லை.

ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. மருந்தினால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2010 முதல் நடந்து வருகிறது. வைத்தியர் மட்டுமின்றி, நோயாளியின் வீட்டாரும் 1800-180-3024 என்ற டெலிபோன் எண்ணில் கட்டணமின்றித் தெரிவிக்கலாம். சுற்றுக் கிராமங்களில் மருந்துண்டபின் சிறுநீர் நின்ற குழந்தையையோ, காரணமின்றிக் கண் சிவந்த கிழவியையோ கண்டால், அங்கே பயிலும் வாலிபர்கள் புட்டியை எறிந்துவிடாமல் எடுத்துவைத்து, அதன் மேலுள்ள தொகுதி எண்ணைக் குறித்து, அன்றைக்கே எழுதியனுப்புவார்களாக.