விலாசம் நம்முடையது என்பதற்கு என்ன சான்று?

திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி நிற்கும் ஓர்ஸ் ஹில் பகுதியில் விடுதி நடத்துவோர் மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தையே பெரிதும் நம்பியுள்ளனர். அதற்கு முன்னர் பழைய விருந்தினருக்குக் கட்டண விபரங்களை மின்னஞ்சலில் அனுப்புவர். அவை குப்பை மடல்களுடன் சேர்ந்துவிட்டால், அறைகள் வெறுமையாகக் கிடக்கும்போதுதான் தெரியவரும்.

1982 இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்க வழியிருக்கவில்லை. விடுதியின் பெயரிலேயே, முற்பணத்தை வேறொரு கணக்கில் வைப்பிலிடுமாறு மோசடிக்காரரும் எழுதலாம். இதற்கு மாற்றாக ஆள்களப் பெயரின் டி.என்.எஸ். பதிவில் மூன்று குறிப்புகள் சேர்க்கப்படுகின்றன. நம் பெயரில் மடல் அனுப்பத்தக்க சேவையகங்களை எஸ்.பி.எவ். அறிவிக்கும். மடலில் இடப்படும் இலக்கமுறைக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் டி.கே.ஐ.எம். குறிப்பில் இருக்கும். இவை பொருந்தாத மடலை என்ன செய்வதென்று டிமார்க் கூறும்.

2024 பெப்ரவரி முதல், ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் கூகுள் மூன்றையும் கேட்கிறது. சிறியவர்களுக்கும் முதலிரண்டில் ஒன்று கட்டாயம். இலவச ஜீமெயில் முகவரியை வைத்துக்கொண்டு வெளிச் சேவையொன்றின் ஊடாக விளம்பர மடல் அனுப்புவோருக்கு இது கைகூடாது. சொந்த ஆள்களப் பெயர் வேண்டும்.

அவசரமும் ஆகாது. விளம்பர மடல் அனுப்பும் சேவையைப் பதிவில் சேர்க்க மறந்து, டிமார்க்கில் நிராகரிக்குமாறு கட்டளையிட்டால் நமது மடல்களே திரும்பிவிடும். முதலில் கண்காணிப்பு நிலையில் விட்டு, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்த பின் இறுக்குவதே முறை என்போம்.

ஆனால், ஆள்களப் பெயரின் கடவுச்சொல் இணையத்தளம் அமைத்துக் கொடுத்தவரிடமே கிடப்பதும் உண்டு. பருவம் தொடங்குமுன் அதனைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.