ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள்?

நியூயார்க் நகர அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு 34 பேர் வரை சேர்க்கலாம் என்கிறது ஆசிரியர் சங்க ஒப்பந்தம். ஓர் ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு என்றால் 170 பேர். ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லி, ஒன்றைப் பத்தே நிமிடத்தில் திருத்தினாலும் 28 மணி நேரம் போய்விடும். கட்டுரையே வேண்டாம், கோடிட்ட இடத்தை நிரப்பு என்று அவர் முடித்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

1985இல் அதே நகரத்தின் கிழக்கு ஹார்லெமில் டெபோரா மையர் தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் செகண்டரி ஸ்கூல் இந்தக் கணக்கில்தான் கைவைத்தது. அதுவும் அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. படித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். முதல் ஆண்டு ஏழாம் வகுப்பு மட்டும்; பிறகு வருடத்துக்கு ஒரு வகுப்பு கூடியது. பன்னிரண்டு வரை வந்த பின்னும் சேர்க்கை 450 அளவிலேயே நின்றது.

ஆசிரியருக்குச் சுமார் 40 மாணவர்கள்தான். அதிகப் பணம் வந்து கொட்டியதால் அல்ல. வரலாறும் இலக்கியமும் ஒரே பாடம், கணக்கும் அறிவியலும் இன்னொன்று. பாடவேளை நீண்டது, அதனால் ஒரே ஆசிரியர் குறைந்த பேருக்கு அதிக நேரம் எடுத்தார். மற்ற பள்ளிகளில் மாணவர் ஆலோசகர், மேற்பார்வையாளர் என்று போகும் பணியிடங்கள் இங்கே வகுப்பறைக்குள் வந்தன. விருப்பப் பாடங்கள் குறைந்தன. அதுதான் கொடுத்த விலை.

ஆலோசகர் வேலையை யார் பார்ப்பது? எல்லோரும். பதினைந்து பிள்ளைகள் கொண்ட 'அட்வைசரி' குழு ஒன்று ஆசிரியர் ஒவ்வொருவர் பொறுப்பிலும் இருந்தது. அதே குழு அவரிடமே இரண்டு வருடம் இருக்கும். பையன் இரண்டு நாள் வரவில்லையா, வீட்டுக்குப் போன் போடுவது அவர். அம்மாவுக்கும் யாரைக் கேட்பது என்று தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வாரத்தில் ஒரு காலை, குறிப்பிட்ட வகுப்புப் பிள்ளைகள் சமூக சேவைக்கு வெளியே போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிடுவார்கள். மாற்று ஆள் தேவையில்லை, கூடுதல் சம்பளமும் இல்லை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு!

சின்னப் பள்ளியின் பலவீனமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. ஓர் ஆசிரியர் விலகினால் 40 பேரின் பாடமும் 15 பேரின் ஆலோசகரும் ஒரே நாளில் போகும். சேர்க்கை கொஞ்சம் சரிந்தாலே ஒரு பணியிடம் ஆட்டம் காணும். 1990களின் நடுவில் மையர் பாஸ்டனுக்குப் போனார். அதன் பிறகு பழைய அமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மேடிசன் அவென்யூவில் இன்றும் சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் ஹை ஸ்கூல் என்று ஒரு பள்ளி நடக்கிறது. வழக்கமான உயர்நிலைப் பள்ளியாக.