எதிரெதிரே இரு மதுச்சாலைகள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், செயின்ட் ஜைல்ஸ் என்னும் விசாலமான வீதியில், ஏறக்குறைய எதிரெதிராக நிற்கின்றன 'ஈகிள் அண்ட் சைல்டு', 'லேம்ப் அண்ட் ஃபிளாக்' என்ற இரண்டு புராதன மதுச்சாலைகள். முன்னதன் உட்புறத்தில், 'முயல் அறை' என்று பெயர் பெற்ற சிறு கூடத்தில்தான், எழுத்தாளர்களான டோல்கீனும் சி. எஸ். லூயிஸும் சிநேகிதர்கள் சூழச் செவ்வாய்க்கிழமை முற்பகல்களில் அமர்ந்து, மதுக்கோப்பையும் புகைக்குழாயுமாக இலக்கிய சம்பாஷணை நடத்தினர். 1962-இல் அவ்விடம் புதுப்பிக்கப்பட்டு அதன் ஏகாந்தம் குலைந்ததும், அந்தக் கோஷ்டி வீதியைக் கடந்து எதிர்க்கடைக்கே குடிபெயர்ந்தது.

எதிர்க்கடையின் உரிமையாளரோ செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. அதன் லாபத்திலிருந்து ஆராய்ச்சி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டு வந்தது. குடிப்பவர் காசில் படிப்பவர் பிழைத்த அந்த விசித்திர தர்மத்தை நம் நாட்டு மதுவிலக்குப் பிரசாரகர்கள் எவ்வாறு ஏற்பார்களோ, அறியோம்!

கொரோனாத் தொற்றின் காலத்தில் இரண்டும் கதவடைத்தன. 'லேம்ப் அண்ட் ஃபிளாக்'கை, அதன்மீது அபிமானம் கொண்டோர் ஒன்றுகூடிக் குத்தகைக்கு எடுத்து, 2022 அக்டோபரில் மீண்டும் திறந்தனர். பூட்டியே கிடந்த 'ஈகிள் அண்ட் சைல்டு'வையோ, 2023-இல், ஆரக்கிள் நிறுவனத்தை ஸ்தாபித்தவர்களுள் ஒருவரான லாரி எல்லிசனின் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் விலைக்கு வாங்கி, அதைச் சீரமைக்கும் பொறுப்பைக் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனத்திடம் ஒப்படைத்தது.