ரோமாபுரியின் கதவைத் திறந்த சம்பள பாக்கி

முதல் தேதி பிறந்தால் சம்பளம் கைக்கு வரும் என்ற நம்பிக்கையில் காலம் தள்ளுகிறவர்கள் நாம். ஊருக்கு அனுப்பும் பணம், வீட்டு வாடகை, மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் அந்த ஒரு நாளைத்தான் நம்பியிருக்கின்றன. பத்து நாள் தள்ளிப் போனாலே குடும்பம் ஆட்டம் கண்டுவிடும். வருஷக் கணக்கில் தள்ளிப் போனால்?

ஒரு சாம்ராஜ்யமே ஆட்டம் கண்டுவிடும். இது கற்பனை அல்ல. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் நடந்த கதை.

போனதை மீட்கும் ஆசை

கி.பி. 476-ல் மேற்கு ரோமப் பேரரசின் கடைசிச் சக்கரவர்த்தியான ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை ஒடோவாக்கர் என்ற படைத்தலைவர் அரியணையிலிருந்து இறக்கினார். அடுத்து இத்தாலி கோத் இனத்தாரின் ஆட்சிக்குப் போயிற்று. வட ஆப்பிரிக்கா அதற்கு முன்பே வாண்டல் இனத்தாரின் வசம் போயிருந்தது. ஆனால் கிழக்கே கான்ஸ்டாண்டிநோபிள் நகரில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ரோமப் பேரரசு உயிரோடுதான் இருந்தது. அதைப் பைஜாண்டியப் பேரரசு என்று சரித்திர ஆசிரியர்கள் பிற்காலத்தில் அழைத்தார்கள். அங்கிருந்தவர்களோ தங்களை ரோமர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

527-ல் அங்கே பட்டத்துக்கு வந்தவர் ஜஸ்டினியன். பால்கன் பகுதியில் எளிய குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். மேற்கே பறிபோன நாடுகளையெல்லாம் மீட்டே தீருவது என்று அவர் உறுதி பூண்டார். முதலில் கிழக்கே பாரசீகத்தின் வாயை அடைக்க வேண்டியிருந்தது. 532-ல் 11,000 ராத்தல் தங்கம் கொடுத்துச் சமாதானம் வாங்கினார். அதற்கு 'நிரந்தர சமாதானம்' என்று பெயர்! அது எட்டே ஆண்டுதான் நிலைத்தது.

வேகாத ரொட்டி

533-ம் ஆண்டு கோடையில் தளபதி பெலிசாரியஸ் 500 சரக்குக் கப்பல்களோடும் 92 போர்க் கப்பல்களோடும் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். படையில் காலாட்கள் 10,000 பேர், குதிரை வீரர்கள் 5,000 பேர். அவருடைய காரியதரிசியாகக் கூடவே போன பிரகோபியஸ்தான் இந்தப் போர்களின் சரித்திரத்தை எழுதியவர்.

அவர் சொல்லும் ஒரு சங்கதியைக் கேளுங்கள். கடற்பயணத்துக்கு ரொட்டியை இரண்டு முறை சுட வேண்டும். நம் ரஸ்க் மாதிரி ஈரம் வற்றினால்தான் கெடாமல் இருக்கும். ஆனால் சுடச் சுட எடை குறையும், விறகும் செலவாகும். நிதி நிர்வாகத்தைக் கவனித்த கப்படோசிய ஜான் என்பவர் இரண்டையும் மிச்சம் பிடிக்கப் பார்த்தார். குளிப்பு மண்டபத்து அடுப்பிலேயே ரொட்டியை அரைகுறையாக வாட்டி, மூட்டை கட்டி அனுப்பிவிட்டார். கிரேக்க நாட்டு மெதோன் துறைமுகத்தில் மூட்டையைப் பிரித்தால் எல்லாம் பூசணம் பூத்த மாவு! அதைத் தின்று 500 சிப்பாய்கள் செத்தார்கள். எதிரியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே இத்தனை சாவு.

ஆனாலும் அதிர்ஷ்டம் பெலிசாரியஸ் பக்கம் இருந்தது. செப்டம்பர் 15-ல் கார்த்தேஜ் நகரம் வீழ்ந்தது. வாண்டல் மன்னன் கெலிமருக்காகச் சமைத்த விருந்தைப் பெலிசாரியஸும் அவருடைய அதிகாரிகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கத்தரிக்கோல் கணக்கர்

இந்தச் சுலபமான வெற்றிதான் ஆசையைக் கிளறிவிட்டது. 535-ல் இத்தாலி மீது படையெடுப்பு தொடங்கியது. 536 டிசம்பரில் ரோமாபுரி கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கோத்துகள் திரும்பி வந்து நகரை முற்றுகையிட்டு, குடிதண்ணீர்க் கால்வாய்களை அறுத்தார்கள். தண்ணீரில் ஓடிய மாவு மில்களும் நின்றுபோயின. பெலிசாரியஸ் அசரவில்லை. டைபர் நதியில் ஜோடி ஜோடியாகப் படகுகளைக் கட்டி, நடுவே சக்கரம் பொருத்தி மாவு அரைக்க வைத்தார். ஓர் ஆண்டும் ஒன்பது நாளும் நகரம் தாக்குப் பிடித்தது. 540-ல் கோத்துகளின் தலைநகரான ரவென்னாவும் விழுந்தது. இத்தாலி மீண்டுவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஒரு கணக்கு அதிகாரி வந்து இறங்கினார். பெயர் அலெக்சாண்டர். ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப் பெயர் 'கத்தரிக்கோல்'. தங்கக் காசின் வட்டம் கெடாமல் ஓரத்தைச் சுரண்டி எடுப்பதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரராம்! இத்தகைய கணக்கர்களுக்கு, மிச்சம் பிடிக்கும் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு சொந்தம் என்று பிரகோபியஸ் எழுதுகிறார். அப்புறம் கேட்க வேண்டுமா? சிப்பாய்களின் கணக்கில் குற்றம் கண்டுபிடித்துப் பிடித்தம் செய்தார். 'கோத் ராஜாக்கள் காலத்துக் கணக்கைக் காட்டு' என்று இத்தாலிய மக்களையும் கசக்கிப் பிழிந்தார். எந்த ஜனங்களை மீட்பதாகச் சொல்லி வந்தார்களோ, அந்த ஜனங்களே வெறுத்துப் போனார்கள்.

541-ல் கோத்துகளுக்கு டோட்டிலா என்ற வீர இளைஞன் ராஜாவானான். சம்பளம் காணாத சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக அவன் பக்கம் ஓடினார்கள்.

மேலிடத்திலும் பணம் இல்லைதான். 540-ல் பாரசீகம் சமாதானத்தை முறித்து அந்தியோக்கியா நகரைச் சூறையாடிற்று. 542-ல் தலைநகரில் கொள்ளை நோய் புகுந்தது. அது பிளேக்தான் என்பதை, அக்காலத்து எலும்புகளில் அதன் கிருமியின் மரபணுவைக் கண்டு இன்றைய விஞ்ஞானிகள் உறுதி செய்திருக்கிறார்கள். வரி கட்டும் குடிகள் செத்தார்கள், கஜானா வற்றியது. அப்படியும் போரை நிறுத்தச் சக்கரவர்த்திக்கு மனம் வரவில்லை. சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி, அதனால் உத்தரவு போடும் வாயே எனக்கு இல்லாமல் போயிற்று என்று பெலிசாரியஸ் 545-ல் கடிதம் எழுதிப் பார்த்தார். பலன் சொற்பம்.

திறந்தது யார்?

டோட்டிலா ரோமாபுரியை வளைத்தான். உள்ளே பஞ்சம். காவல் தளபதி பெஸ்ஸாஸ், தன் வசமிருந்த கோதுமையைக் கொள்ளை விலைக்கு விற்றுப் பணம் சேர்த்தார். ஏழைகள் மதிலோரத்துக் காஞ்சொறிச் செடியை வேக வைத்துத் தின்றார்கள். 546 டிசம்பரில் ஒரு நள்ளிரவு, காவலில் இருந்த இசௌரியச் சிப்பாய்கள் நால்வர் பணத்துக்காகக் கதவைத் திறந்துவிட்டார்கள். பெஸ்ஸாஸ் ஓடினார், அவர் சேர்த்த பணம் முழுதும் டோட்டிலாவுக்குப் போயிற்று. பல லட்சம் பேர் வாழ்ந்த மாநகரில் அன்று மிஞ்சியிருந்த பொதுமக்கள் 500 பேர் என்கிறார் பிரகோபியஸ்.

அடுத்த ஆண்டு பெலிசாரியஸ் நகரை மீட்டார். ஆனால் பாடம் யாரும் படிக்கவில்லை. 550-ல் மறுபடியும் அதே கதை! இம்முறை காவலில் இருந்த இசௌரியர்களுக்குப் பல வருஷச் சம்பளம் வரவேண்டியிருந்தது. கதவு திறந்தது.

552-ல் நார்சஸ் என்ற முதியவர் தளபதியாக வந்தார். அரண்மனைக் கஜானாவைக் கவனித்து வந்தவர். பணம் இல்லாமல் நான் போகமாட்டேன் என்று நின்று, பாக்கி முழுவதையும் தீர்க்கும் அளவுக்குத் தங்கம் வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டார். ஓடிப்போனவர்களும் திரும்பி வந்தார்கள். அதே ஆண்டு டோட்டிலா போரில் மடிந்தான். பதினேழு ஆண்டாக முடியாத காரியம், பாக்கி தீர்ந்ததும் முடிந்தது!

மிஞ்சியது என்ன?

ஜஸ்டினியன் ஆட்சியில் ரோமாபுரி ஐந்து முறை கைமாறியது. மீட்டு எடுத்தபோது அது பாழடைந்த ஊர். 565-ல் அவர் காலமானார். மூன்றே ஆண்டில், 568-ல், லம்பார்டுகள் இத்தாலிக்குள் புகுந்து பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டார்கள். 698-ல் கார்த்தேஜும் அரேபியரிடம் போயிற்று.

ரவென்னாவில் புனித விட்டாலே ஆலயச் சுவரில், வண்ணக் கற்களால் ஆன ஜஸ்டினியனின் உருவத்தை இன்றும் காணலாம். கையில் தங்கத் தட்டு. பக்கத்தில் கேடயம் தாங்கிய சிப்பாய்கள். அந்த ஊருக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

சுவரில் இருக்கும் சிப்பாய்கள் சம்பளம் கேட்பதில்லை. கதவுக் காவலில் நின்றவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாததால்தான் ஒரு முறை வாங்கிய ரோமாபுரியை மூன்று முறை வாங்க வேண்டியதாயிற்று.